திக்ருக்கு அடுத்த சொல்

சென்ற வருடம் ரமலானுக்கு முந்திய மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு என் வீட்டுக்காரர் காணாமல் போனார். அவருக்கு வயது எழுபத்து நான்கு. பழுப்புச் சட்டை, நீலக் கட்டம் போட்ட கைலி, தலையில் தொப்பி. கையில் காலி டிபன் பாக்ஸ். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. திரும்பி வரவும் தெரியாது. அவரைப் போகச் சொன்னது நான்தான்.

அஸ்ஸலாமு அலைக்கும். என் பெயர் ரஹ்மத் பீவி. பெண்கள் கூட்டத்தில் இதை எழுந்து நின்று சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் என் மருமகள் நஜிமா திருத்திக் கொடுப்பாள். நடந்ததில் எதையும் மாற்றாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் அப்துல் காதர் நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் வேலை பார்த்தவர். பெர்மனென்ட் வேலை. நகரியத்தில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். இருபத்தெட்டு வருடம் அந்த வீட்டில் இருந்தோம். ரிட்டயர் ஆனதும் காலி செய்து, நகரியத்துக்கு வெளியே எங்கள் மகன் பஷீருடன் வந்து சேர்ந்தோம். பஷீர் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவருக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினார். பிறகு பஷீரை, எப்போதோ மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது வயசான மறதி இல்லைம்மா, மறதி நோய். மருந்து கொஞ்சம் தள்ளிப் போடும். போனதைத் திருப்பிக் கொண்டு வராது" என்றார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அவர் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். விழித்தால் எங்கே போய்விடுவாரோ என்று பார்ப்பேன். ஒரு கவளம் சோறு நிம்மதியாக இறங்கியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் மனதில் ஷிப்ட் நேரம் வந்துவிட்டது.

"இந்தா, ஷிப்ட்டுக்கு நேரமாவுது. டிபன் பாக்ஸ் எங்க?"

"நீங்க ரிட்டயர் ஆயி பதினாலு வருசம் ஆவுதுங்க."

"யாரு சொன்னா? சூப்பர்வைசர் சொன்னாரா?"

"ஆமாங்க, அவருதான் சொன்னாரு."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. போய்க் கேட்டுட்டு வந்துடறேன். டிபன் பாக்ஸ் எங்க?"

இப்படியே பத்து தடவைக்கு மேல். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் போன் நம்பரைத் துணியில் எழுதி அவருடைய வெள்ளைச் சட்டைப் பைக்குள் நஜிமா தைத்து வைத்திருந்தாள். அந்தச் சட்டை என் கையில் சோப்பு நுரையோடு இருந்தது. அவர் மறுபடியும் வந்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. காலி டிபன் பாக்ஸை எடுத்து அவர் கையில் வைத்து, "இந்தாங்க. போங்க. போய்க்கினே இருங்க. என்னை வுட்டாப் போதும்" என்று கத்தினேன்.

அவர் நல்ல பிள்ளை மாதிரி வாங்கிக்கொண்டார். துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பியபோது வாசல் கதவு திறந்து கிடந்தது.

இதற்கு இரண்டு வாரம் முந்தி நடந்த ஒன்றை இந்த இடத்தில் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் வியாழக்கிழமை தோறும் ஒரு வீட்டில் பெண்கள் கூடுவோம். ஓதிக் கொடுக்க ஆபிதா என்ற, மார்க்கம் படித்த ஆலிமா வருவாள். இருபத்தைந்து வயதுப் பெண். அவளைப் பெற்ற அத்தா பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜரத்தாக இருக்கிறார். அன்றைக்குத் தொழுகைக்குப் பிறகு கேட்கும் துஆக்களை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள். அல்லாஹ்வின் நினைவும் நன்றியும் நல்ல வணக்கமும் கேட்டு எல்லாரும் ஓதுகிற ஒரு துஆ உண்டு. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தம் தோழர் ஒருவருக்கு அன்போடு கற்றுக் கொடுத்தது. அதை நான் கல்யாணமாகி வந்த வருடம் என் மாமியார் ஓதுவதைக் காதால் கேட்டுப் படித்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு வருடமாக ஒரு வக்து தொழுகை விடாமல் ஓதி வருகிறேன். அதனால் என் முறை வந்தபோது கொஞ்சம் தைரியமாகவே சொன்னேன்.

"அல்லாஹும்ம அஇன்னீ அலா திக்ரிக்க, வ ஃபிக்ரிக்க, வ ஹுஸ்னி இபாததிக்க."

ஆபிதா நிமிர்ந்து பார்த்தாள். "மாமி, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன்.

"திக்ரிக்க, வ ஷுக்ரிக்க. அப்படித்தான் மாமி வரும். திக்ருன்னா அல்லாஹ்வ நெனக்கிறது, ஷுக்ருன்னா நன்றி. நீங்க ஃபிக்ருன்னு சொல்றீங்க. திக்ரு ஃபிக்ருன்னு சேத்துச் சொல்றதக் கேட்டுக் கேட்டு நாக்குல ஒட்டிக்கிச்சு போல."

"ஃபிக்ருன்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"யோசனை. கவலைன்னும் சொல்லுவாங்க."

அங்கே ஜுலைகா என்று ஒருத்தி இருப்பாள். வாய்த்துடுக்கு. "அடி ஆத்தாடி! அதான் பாத்தேன். நாப்பது வருசமா கவலையக் குடு, கவலையக் குடுன்னு கேட்டுக்கினே இருந்திருக்கு இந்த ரஹ்மத்து. கேட்டவங்களுக்குக் குடுக்காம இருப்பானா அவன்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆபிதா மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியெல்லாம் சொல்லாதீங்க. அல்லாஹ் நிய்யத்த, மனசுல உள்ள எண்ணத்தப் பாக்குறவன். தெரியாம சொன்ன சொல்லுக்காக யாருக்கும் கஷ்டத்தைத் தர மாட்டான்" என்றாள். என் காதில் அது ஏறவில்லை. ஜுலைகா சொன்னதுதான் ஏறியது. வீட்டுக்கு வந்து தலையணையில் முகம் புதைத்து அழுதேன். அடுத்த வியாழக்கிழமை தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன்.

சொல்லை மாற்றிக்கொள்ளத்தான் பார்த்தேன். முடியவில்லை. ஒவ்வொரு வக்திலும் திக்ரிக்க என்றதும் நாக்கு தானாக ஃபிக்ரிக்க என்று போய்விடும். இழுத்துப் பிடித்து ஷுக்ரிக்க என்று சொன்னால் வாய்தான் சொல்லும். மனம் சொல்லாது. நன்றி சொல்ல எனக்கு என்ன இருக்கிறது என்று உள்ளே ஒன்று கேட்கும். பாவமான பேச்சுதான். இருந்ததை இருந்தபடி எழுதுகிறேன்.

இந்த நிலையில்தான் அவர் காணாமல் போனார்.

பஷீர் கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தான். சுரங்க கேட், பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, மார்க்கெட் எல்லாம் சுற்றினான். எங்கள் பள்ளிவாசலிலும் கேட்டான். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கொடுத்தான். அவர் திரும்பி வந்தால் வீட்டில் ஆள் வேண்டும் என்று நஜிமா வாசலிலேயே உட்கார்ந்தாள். மணி இரண்டாயிற்று. பழைய குவார்ட்டர்ஸுக்குப் போயிருப்பாரோ என்று எனக்குத் தோன்றியது. பஷீர் அந்தத் தெரு வழியாகப் போய்ப் பார்த்தாகிவிட்டது என்றான். வண்டியில் போகிறவன் கண்ணுக்குத் தெரியாதது நடந்து போனால் தெரியும் என்று நான் கிளம்பினேன். அவசரத்தில் போனை எடுக்க மறந்துவிட்டேன்.

நகரியம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். எல்லா பிளாக்கும் ஒன்று போல இருக்கும். எல்லாத் தெருவும் ஒன்று போல. வீடும் ஒன்று போல. அந்த வெயிலில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்ததும் எனக்குப் பேச்சு வராது. "ஒரு பெரியவரு... தொப்பி போட்டுக்கினு..." என்பதற்குள் கண்ணீர் வந்துவிடும். ஒரு வீட்டில் நான் உதவி கேட்க வந்தவள் என்று நினைத்து ஒரு டம்ளர் அரிசி கொண்டுவந்து நீட்டினார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு அடுத்த கதவுக்கு நடந்தேன்.

கடைசியில் நாங்கள் இருந்த வீட்டுக்கு வந்தேன். இப்போது அங்கே திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் இருக்கிறது. வடிவு என்று அந்த அம்மாவுக்குப் பெயர். நாற்பது வயதிருக்கும். நான் அரைகுறையாகச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"யாரு, பக்கத்து வீட்டுக்காரவ சொன்ன காதர் பாயா? போன மாசம் ரெண்டு தடவ வந்தாவளே யம்மா. வாசல்ல நின்னு, 'எம் பொஞ்சாதி எங்க?'ன்னு கேட்டாவ. நான் உக்கார வச்சு டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டு அவியளே எந்திச்சுப் போய்ட்டாவ."

"இன்னிக்கு?"

"இன்னைக்கு வரலியே யம்மா. நான் காலையில இருந்து வாசல்லதான் கெடக்கேன்."

அந்த ஒரு இடத்தைத்தான் நம்பி வந்தேன். போன மாதம் வந்த நாட்களில் அவர் எப்படி வீடு திரும்பினாரோ, நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லையே என்பதும் சேர்ந்துகொண்டது. அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். வடிவு உள்ளே கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்தாள். முந்தானையால் விசிறினாள். தூரத்தில் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டது.

"ஒரு மூலை கெடைச்சாத் தொழுதுட்டுப் போறேம்மா" என்றேன்.

"இதுக்கெல்லாம் கேக்கணுமா? எந்தப் பக்கம் பாத்துன்னு சொல்லுங்க."

அதை மட்டும் நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இருபத்தெட்டு வருடம் தொழுத அறை. நான் கையைக் காட்டிய மூலையில் கட்டில் கிடந்தது. அவள் ஒரே ஆளாக அதை இழுத்துப் போட்டு, துவைத்த போர்வை ஒன்றை விரித்துக் கொடுத்தாள்.

தொழுது முடித்து ஸலாம் கொடுத்தேன். கையேந்தினேன். அல்லாஹும்ம அஇன்னீ அலா திக்ரிக்க என்று சொன்னேன். அடுத்த சொல் வரவில்லை.

ஃபிக்ரிக்க என்றும் வரவில்லை. ஷுக்ரிக்க என்றும் வரவில்லை. நின்றுவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. ரப்பே, இன்றைக்கு எதற்கு நான் நன்றி சொல்வேன்? சொல்லச் சொல்லிக் கேட்கிறாயே, எதைக் கொடுத்தாய் இன்று? அவரைக் கொண்டு போய்விட்டாய். என் வாயாலேயே அவரைத் துரத்த வைத்தாய். அல்லாஹ் மன்னிக்கட்டும், அப்படித்தான் கேட்டேன்.

பிறகு அழுகை வந்தது. அழுது முடித்தபோது அந்த துஆவின் அர்த்தம் புதிதாகப் பட்டது. அது "நான் நன்றி சொல்கிறேன்" என்கிற துஆ இல்லை. "நன்றி சொல்ல எனக்கு நீ உதவி செய்" என்கிற துஆ. நன்றி சொல்ல முடியாதவள்தானே உதவி கேட்பாள்? அப்படியானால் இது எனக்காகவே கற்றுக் கொடுத்தது. "யா அல்லாஹ், என்னால் முடியவில்லை. நீயே காட்டு. ஒன்றே ஒன்றைக் காட்டு" என்று கேட்டேன்.

குடித்த தண்ணீர் ஞாபகம் வந்தது. கட்டிலை இழுத்துப் போட்ட பெண் ஞாபகம் வந்தாள். அதற்கு நன்றி சொன்னேன். இத்தனை வருடம் அவரோடு வாழ்ந்ததற்குச் சொன்னேன். அப்போதுதான் பெரிய ஒன்று வந்தது. ரப்பே, அவர் என் பெயரை மறந்தார். பெற்ற மகனை மறந்தார். உன்னை மறக்கவில்லையே. பாங்குச் சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுந்து, தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்யப் போவார். தொழுததை மறந்துவிட்டு மறுபடியும் தொழுவார். அன்று விடியற்காலை ஸுப்ஹை மட்டும் மூன்று தடவை தொழுதார். 'இதுவும் ஒரு பாடா' என்று நான் சலித்துக்கொண்டேன். அது பாடா? மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அதை மட்டும் நீ விட்டு வைத்திருக்கிறாயே. அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் உனக்கே.

அந்த நிமிடம் வாய் தானாகச் சொன்னது. வ ஷுக்ரிக்க. தடுக்கவில்லை. இழுக்கவில்லை. தண்ணீர் இறங்குவது போல இறங்கியது.

அதோடு ஒரு யோசனையும் வந்தது. மதியம் லுஹர் பாங்கு சொல்லியிருப்பார்கள். அவர் எங்கே இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், பாங்கு கேட்ட இடத்தில் நின்றிருப்பார். கேட்ட பக்கம் நடந்திருப்பார். நாங்கள் ஸ்டேஷனில் தேடினோம், ஆஸ்பத்திரியில் தேடினோம். எங்கள் பள்ளியைத் தவிர வேறு எந்தப் பள்ளிவாசலிலும் கேட்கவில்லை.

வடிவின் போனை வாங்கி நஜிமாவிடம் சொன்னேன். "ஆபிதாகிட்டதான் எல்லாப் பள்ளி ஜமாஅத்து வாட்ஸ்அப் குரூப்பும் இருக்கும் மாமி. அவங்க அத்தா மூலமா அனுப்பலாம். ஆனா நீங்கதான் பேசணும்" என்று நம்பர் கொடுத்தாள். யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்று வியாழக்கிழமை ஒளிந்துகொண்டேனோ, அந்தப் பெண்ணுக்கே போன் போட்டேன்.

அவள் பேச்சை நீட்டவில்லை. "மாமி, நான் எழுதிப் போட்டா நூறோட நூத்தி ஒண்ணு. யாரும் படிக்க மாட்டாங்க. நீங்களே உங்க குரல்ல பேசி அனுப்புங்க. கேட்டா மனசு எறங்கும்."

"நானா? அத்தனை ஆம்பளைங்க கேப்பாங்களேம்மா."

"கேக்கட்டும் மாமி. மாமாவத் தேடத்தானே?"

என் குரலை அந்நிய ஆண்கள் அதிகம் கேட்டதில்லை. பால்காரரிடம்கூட நஜிமாதான் பேசுவாள். வடிவு போனை என் வாய்க்கு நேரே பிடித்தாள். "பேசுங்க யம்மா. நான் அமுக்கிப் பிடிச்சிருக்கேன். கண்ண மூடிக்கிடுங்க, யாரும் இல்லைன்னு நெனச்சுக்கிடுங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் நெய்வேலியில இருந்து பேசுறேன். என் வூட்டுக்காரரு காலையில இருந்து காணோம். மறதி நோய். பேரு ஊரு கேட்டா சொல்லத் தெரியாது. எல்லாத்தையும் மறந்துட்டாரு, தொழுகைய மட்டும் மறக்கல. உங்க பள்ளியில யாராவது ஒரு பெரியவரு தொழுத தொழுகையையே திரும்பத் திரும்பத் தொழுதுக்கினு இருந்தா அது அவருதான். தயவு செஞ்சு அவரைப் புடிச்சு உக்கார வைங்க. அவரைத் திட்டாதீங்க."

கடைசி வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது எனக்கு நானே சொன்னது.

வடிவு பட்டனை விட்டு, ஆபிதாவுக்கு அனுப்பினாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். நஜிமா அழைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "மாமி, கம்மாபுரம் தாண்டி ஒரு ஊரு. ரோட்டோரத்துல சின்னப் பள்ளியாம். அங்க பாங்கு சொல்ற மோதினார் உங்க குரலைக் கேட்டுட்டு ஆபிதா அத்தாவுக்குப் போன் பண்ணாரு. மாமா அங்கதான் இருக்காரு!"

வடிவு வீட்டுத் தரையிலேயே நெற்றி பதித்து ஸஜ்தாவில் விழுந்தேன். எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. பஷீர் ஆட்டோவோடு வந்து, "அம்மா, எந்திரி. போவலாம்" என்று தூக்கினான்.

வழியெல்லாம் பஷீர்தான் பேசிக்கொண்டே வந்தான். "எப்பிடிம்மா இவ்ளோ தூரம் போனாரு? பஸ்ல ஏறுனாரா?" என்று கேட்டுக் கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டான்.

அந்தப் பள்ளிவாசல் சின்னதுதான். வாசல் பக்கம் ஒரு வேப்பமரம், ஒரு குழாய். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். மோதினார் ஓடி வந்தார். ஒல்லியான மனிதர்.

"நீங்கதானா அந்தக் குரலு? வாங்கம்மா, வாங்க. லுஹர் பாங்கு சொல்லிட்டு எறங்குறேன், ரோட்டுல பஸ்ஸு நிக்குது. கண்டக்டரு கத்துறாரு, 'யோவ் பாய், இந்தப் பெரியவரு பாங்கு கேட்டதும் நிறுத்துன்னு ஒரே புடியா நின்னு எறங்கிட்டாரு, பாத்துக்கங்க'ன்னு. வெளியூரு ஆளு, தொழுதுட்டுப் போயிடுவாருன்னு நான் நெனச்சேன். எங்க போறாரு? தொழுதாரு. ஒக்காந்தாரு. போய் ஒளு செஞ்சுக்கினு வந்து மறுபடியும் லுஹர் கட்டுறாரு. 'பாய், லுஹர் ஆயிடுச்சு'ன்னேன். 'அப்படியா, நான் இன்னும் தொழலியே'ங்கிறாரு. ஏழு வாட்டிம்மா. நான் எண்ணிக்கினே இருந்தேன். தொழுறவரத் தடுக்க எனக்கு யாரு அதிகாரம் குடுத்தது? சரி, தொழட்டும்னு டீயும் பன்னும் வாங்கி வச்சேன். இந்தப் பள்ளி கட்டுனதுல இருந்து ஒரே ஆளு ஒரே நாள்ல இவ்ளோ தொழுததில்ல."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பஷீரும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

என் வீட்டுக்காரர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸ் பக்கத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றார். அந்நியப் பெண்கள் வந்தால் அவர் அப்படித்தான் நிற்பார். என்னைத் தெரியவில்லை.

"அம்மா, நீங்க எந்த ஊரு? நெய்வேலி பஸ்ஸு எப்ப வரும்? நான் வூட்டுக்குப் போவணும். எம் பொஞ்சாதி தனியா இருப்பா. பயந்த சுபாவம். நான் போவலைன்னா சாப்பிடாமக் கெடப்பா."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவரைத் துரத்தினவளைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். என்னை மறந்துவிட்டார். நான் சாப்பிட மாட்டேன் என்பதை மறக்கவில்லை. 'நான்தாங்க, நான்தான் ரஹ்மத்து' என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் குழம்புவார் என்று அடக்கிக்கொண்டேன்.

"நானும் அங்கதாங்க போறேன். ஆட்டோ இருக்கு. வாங்க, சேந்து போவலாம்" என்றேன்.

"புண்ணியமாப் போவும்மா" என்று ஏறிக்கொண்டார். பாதி வழியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கு நோய் குணமாகவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு மனம் இல்லை. போன வருடத்தைவிட இப்போது மறதி அதிகம். சில நாள் நான் அவருக்கு மனைவி. சில நாள் அவருடைய அக்கா. சில நாள் யாரோ. எல்லாச் சட்டையிலும் நம்பர் தைத்தாயிற்று. வாசலுக்கு உள்பக்கமும் பூட்டு போட்டிருக்கிறோம். பாடு இருக்கத்தான் செய்கிறது.

மாறியது எனக்குள்ளே. முன்பு அவர் ஒன்றை மறந்தால், அடுத்து எதை மறப்பாரோ என்று பயப்படுவேன். இப்போது ஒன்றை மறந்தால், மீதி இருப்பதைப் பார்க்கிறேன். அவர் இரண்டாம் தடவை லுஹருக்கு நின்றால் நானும் பக்கத்து அறையில் முசல்லாவை விரித்து இரண்டு ரக்அத் உபரியாக நஃபில் தொழுகிறேன். முன்பு 'தொழுதாச்சுங்க' என்று கத்திய நேரம் அது. டிபன் பாக்ஸ் கேட்டால் ஒரு பிஸ்கட் போட்டுக் கொடுக்கிறேன். கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் அடுக்களைக்கும் ஷிப்ட் போய் வருகிறார். சாப்பாடு இறங்குகிறது எனக்கு. இரவில் தூக்கம் வருகிறது. இந்த நிம்மதியை நான் சம்பாதிக்கவில்லை. நோய் போனதால் வந்ததும் இல்லை. நோய் இருக்கும்போதே கொடுத்தான்.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு மறுபடியும் போகிறேன். ஜுலைகாதான் முதலில் வந்து கையைப் பிடித்தாள். "அன்னிக்கு நான் வாய வச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாம், ரஹ்மத்து. மனசுல வச்சுக்காத" என்றாள். அவள் கிண்டல் செய்யாவிட்டால் அந்தச் சொல் என் மனதில் அப்படித் தைத்திருக்காது. அதற்கும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன். "போச்சுடா, இப்ப எதுக்கெடுத்தாலும் ஷுக்ரா" என்றாள் அவள். வாய் மட்டும் மாறவில்லை.

என் குரல் எந்தெந்த ஊருக்கோ போய்விட்டது. பண்ருட்டியிலிருந்து ஒரு பெண் நம்பர் கண்டுபிடித்து அழைத்தாள். அவளுடைய அம்மாவுக்கும் இதே நோயாம். "எப்படிம்மா தாங்குறீங்க?" என்று கேட்டாள். முன்பானால் போனை நஜிமாவிடம் கொடுத்திருப்பேன். அன்று நானே பேசினேன். வடிவும் எப்போதாவது வருவாள். வரும்போது அவருக்கு டீ அவள் கையால்தான்.

இதைப் படிக்கிற என் சகோதரிகளுக்கும் பிள்ளைகளுக்கும் நான் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டில் நோய் இருக்கலாம். கவலை இருக்கலாம். நன்றி சொல்ல ஒன்றும் இல்லை என்று தோன்றலாம். அது பெரிய குற்றம் என்று பயந்து ஒதுங்காதீர்கள். அந்த மனதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவனிடம் கொடுங்கள். தொழுது முடித்ததும் முசல்லாவை உடனே மடிக்காமல் கொஞ்சம் உட்காருங்கள். உன்னை நினைக்கவும், உனக்கு நன்றி சொல்லவும், உன்னை அழகாக வணங்கவும் எனக்கு உதவி செய் என்று கேளுங்கள். அரபியில் தெரிந்தால் அரபியில். தெரியாவிட்டால் நம் தமிழில். கேட்டுவிட்டு, அன்றைக்கு உங்களிடம் மிச்சம் இருப்பதில் ஒன்றைப் பெயர் சொல்லுங்கள்.

முதல் நாள் நாக்கு வராது. எனக்கும் வரவில்லை. விடாமல் கேளுங்கள். வரும்.